மஞ்சள் கைகள்: ஒரு பெரும்படை தயாரான கதை

2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனுக்கு ஓராண்டுக்குள் 10 லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக வாக்களித்தது. ஆண்டு முடிந்தபோது ஏறக்குறைய பாதியைத்தான் தர முடிந்திருந்தது. டிரோனும் செயற்கைக்கோளும் வந்துவிட்ட காலத்திலும் இரண்டு பெரிய படைகள் நேருக்கு நேர் மோதினால் கடைசியில் குண்டுகளை எண்ண வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை சுடுகிறோம், எத்தனை செய்கிறோம் என்ற கணக்கில்தான் போர் நிற்கிறது. அந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்கு 1915ஆம் ஆண்டின் பிரிட்டன் நினைவுக்கு வந்தது. அன்றும் இதே கணக்கு உதைத்தது. அன்று அந்தக் கணக்கை நேர் செய்தவர்கள் பெண்கள்.

முதல் உலகப் போர் பற்றி நான் படித்த பாடம் மூன்று வரியில் அடங்கும். ஆண்கள் போர்க்களத்துக்குப் போனார்கள். பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். நன்றியாக அரசு பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. நானும் தேர்வில் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினேன். பிறகு வகுப்பெடுக்க வந்தபோதும் சில ஆண்டுகள் அதையே சொன்னேன். அந்த மூன்று வரிகளும் எவ்வளவு விஷயத்தை மூடி மறைக்கின்றன என்பது மெல்லத்தான் புரிந்தது. இந்தக் கட்டுரையை என் பழைய விடைத்தாளைத் திருத்தும் முயற்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

1914 ஆகஸ்டில் பிரிட்டனிடம் இருந்தது சிறிய படை. ஜெர்மனியிடமும் பிரான்சிடமும் கட்டாய ராணுவச் சேவையால் திரட்டப்பட்ட லட்சக்கணக்கான வீரர்கள் இருந்தார்கள். பிரிட்டன் முதலில் பிரான்சுக்கு அனுப்பிய படையோ ஒரு லட்சத்தை ஒட்டியதுதான். காலனிகளை அடக்கி வைப்பதற்கும் தொலைவில் நடக்கும் சிறு போர்களுக்கும் ஏற்றபடி அமைந்த படை அது. போர் அமைச்சரான கிச்சனர் தன்னார்வலர்களை அழைத்தார். 1916 தொடக்கத்துக்குள் சுமார் 25 லட்சம் ஆண்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சீருடை போதவில்லை, துப்பாக்கி போதவில்லை. பலர் மரக்கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பயிற்சி எடுத்தார்கள். ஆட்களைச் சேர்ப்பது எளிது, படையைத் தயார் செய்வது வேறு வேலை என்பது அப்போதுதான் அரசுக்கு உறைத்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை பீரங்கிக் குண்டு. போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் படையின் முக்கியக் களப் பீரங்கியான 18 பவுண்டருக்கு ஷ்ராப்னல் என்ற சிதறு குண்டுதான் இருந்தது. திறந்த வெளியில் வரும் வீரர்கள்மேல் ஈயக் குண்டுமணிகளைத் தூவுவதற்கு அது உதவும். பதுங்கு குழிக்குள் இருப்பவனை அது அசைக்காது. அதற்கு உள்ளே வெடிமருந்து அடைத்த குண்டு வேண்டும், அதுவும் மலைமலையாக வேண்டும். 1915 மார்ச் 10 அன்று நூவ் ஷப்பேலில் தாக்குதல் தொடங்கியது. தாக்கிய இரண்டு படைத் தொகுதிகளில் ஒன்று இந்தியப் படை. முதல் நாள் கிடைத்த வெற்றியைத் தொடரக் குண்டு போதவில்லை. மே 9 அன்று ஓபர் மேட்டில் 40 நிமிடம் மட்டுமே குண்டு வீசிவிட்டுக் காலாட்படையை அனுப்பினார்கள். எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகள் அப்படியே இருந்தன. ஒரே நாளில் சுமார் 11,000 பேர் இறந்தும் காயமடைந்தும் விழுந்தார்கள். சில நாட்களில் ‘தி டைம்ஸ்’ நாளிதழ் குண்டுப் பற்றாக்குறையைப் போட்டு உடைத்தது. அரசியல் புயல் வீசியது. லிபரல் அரசு கலைந்து கூட்டணி அரசு வந்தது. ஜூன் மாதம் தளவாட அமைச்சகம் என்ற புதிய துறை உருவானது. அதன் பொறுப்பு லாயிட் ஜார்ஜிடம் போனது.

ஆண்களை எல்லாம் களத்துக்கு அனுப்பிவிட்டால் குண்டை யார் செய்வது? ஆண் தொழிலாளர் சங்கங்களின் தலைவர்களோடு அரசு அந்த மார்ச்சிலேயே ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தது. தேர்ச்சி பெற்ற ஆண் செய்யும் வேலையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, தேர்ச்சி இல்லாதவர்களிடமும் பெண்களிடமும் கொடுக்கலாம். போர் முடிந்ததும் எல்லாம் பழையபடி திரும்பிவிடும் என்பது அதன் சாரம். இந்த இடத்தில் நான் மாணவிகளை நிறுத்தி யோசிக்கச் சொல்வதுண்டு. பெண்கள் ஆலைக்குள் நுழையும் முன்பே அவர்களை வெளியேற்றும் வாக்குறுதி எழுதப்பட்டுவிட்டது. ஜூலையில் வந்த தளவாடச் சட்டம் வேலைநிறுத்தத்தைத் தடை செய்தது. முதலாளி விடுப்புச் சான்று தராமல் ஒருவர் வேலையை விட்டால் ஆறு வாரம் வேறு எங்கும் சேர முடியாது. ராணுவத்தில் கட்டாயச் சேவை வருவதற்கு முன்பே ஆலைக்குள் ஒரு வகைக் கட்டாயம் வந்துவிட்டது.

அதே 1915 ஜூலை 17 அன்று லண்டனில் ஒரு பெரிய ஊர்வலம் நடந்தது. போர்ப்பணி செய்யும் உரிமை எங்களுக்கும் வேண்டும் என்று ஏறத்தாழ 30,000 பெண்கள் மழையில் நடந்தார்கள். தலைமை தாங்கியவர் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட். வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர், உண்ணாநிலை இருந்தவர். இப்போது அவருடைய ஊர்வலத்துக்கு அரசே பணம் கொடுத்தது. அவருடைய மகள் சில்வியா எதிர்த் திசையில் நின்றார். லண்டனின் கிழக்குப் பகுதி ஏழைப் பெண்களோடு வேலை செய்தவர் அவர்; போரை எதிர்த்தார், பெண்ணை வேலைக்கு அழைக்கும் அரசு சம கூலி தருமா என்று கேட்டார். அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் 12 நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கூடிப் போரை நிறுத்தச் சொன்னார்கள். ஜேன் ஆடம்ஸ் தலைமை வகித்தார். பிரிட்டனிலிருந்து பலர் புறப்பட இருந்தார்கள். வட கடலில் கப்பல் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. மூன்று பேர்தான் கலந்துகொள்ள முடிந்தது. குண்டு செய்யக் கேட்ட பெண்களுக்கு ஊர்வலச் செலவு கிடைத்தது. சமாதானம் பேசக் கிளம்பிய பெண்களுக்குக் கப்பல்கூடக் கிடைக்கவில்லை. அரசு எந்தப் பெண் குரலைத் தேசத்தின் குரலாக ஏற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆலைக்குள் போவோம். ஸ்காட்லாந்து – இங்கிலாந்து எல்லையில், சால்வே கடற்கழி ஓரமாக, சுமார் ஒன்பது மைல் நீளத்துக்கு கிரெட்னா ஆலை எழுந்தது. நம் நீலகிரியில் அருவங்காடு என்றால் ‘கார்டைட் ஃபேக்டரி’ என்று ஊரார் சொல்வார்கள் அல்லவா, அந்தக் கார்டைட்தான் இங்கும் தயாரானது. குண்டைப் பீரங்கியிலிருந்து உந்தித் தள்ளும் மருந்து அது. நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திய பஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் சேர்த்துப் பெண்கள் கையால் பிசைந்தார்கள். 1916இல் ஆலையைப் பார்க்க வந்த ஆர்தர் கானன் டாயில் அந்தக் கலவைக்குச் சாத்தானின் கஞ்சி என்று பெயர் வைத்தார். பிசைந்தவர்களில் பலர் அதற்கு முன் வீட்டு வேலைக்காரிகளாக இருந்த இளம்பெண்கள். ஆலையில் மொத்தம் 12,000 பெண்கள் அளவில் இருந்தார்கள். வாசலில் பெண் காவலர்கள் அவர்களைச் சோதனை போட்டார்கள். தீக்குச்சி, சிகரெட், உலோகக் கொண்டை ஊசி எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. ஒரு தீப்பொறி போதும்.

குண்டுக்குள் மருந்து அடைக்கும் ஆலைகளில் வேறு ஆபத்து. அங்கே டி.என்.டி. பொடியைக் கையாண்ட பெண்களின் தோலும் முடியும் மஞ்சளாயின. ஊரார் அவர்களைக் கேனரிக் குருவிகள் என்று அழைத்தார்கள். மஞ்சள் பூசிய கை நம் ஊரில் மங்கலத்தின் அடையாளம். அங்கே அது கல்லீரலுக்குள் நஞ்சு இறங்கியதன் அடையாளம். 1916 முதல் நச்சுக் காமாலையை மருத்துவர்கள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று விதி வந்தது. போர் முடிவதற்குள் பதிவானவை சுமார் 400. அவர்களில் ஏறக்குறைய 100 பேர் இறந்தார்கள். பதிவில் வராத வாந்தி, தலைவலி, தோல் புண், மாதவிடாய்க் கோளாறு இவற்றுக்குக் கணக்கு இல்லை. கர்ப்பமாக இருந்தவர்களில் சிலருக்கு மஞ்சள் தோலோடு குழந்தை பிறந்ததைப் பிற்காலத்தில் அந்தக் குழந்தைகளே வளர்ந்து சொல்லியிருக்கிறார்கள்.

பின்பு வெடிப்புகள். லீட்ஸ் நகருக்கு அருகில் பார்ன்போ ஆலையில் சுமார் 16,000 பேர் வேலை செய்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள். 1916 டிசம்பர் 5 இரவு, 42ஆம் எண் அறையில் குண்டுகளுக்கு ஃப்யூஸ் பொருத்தும்போது ஒன்று வெடித்தது. 35 பெண்கள் இறந்தார்கள். சிலரை அவர்கள் அணிந்திருந்த அடையாள வில்லையை வைத்துத்தான் அறிய முடிந்தது. சற்று நேரத்திலேயே அதே அறையில் வேலை செய்ய வேறு பெண்கள் முன்வந்தார்கள். செய்தி வெளியாகாதபடி தணிக்கை பார்த்துக்கொண்டது. 1917 ஜனவரி 19 அன்று கிழக்கு லண்டனின் சில்வர்டவுனில் மக்கள் நெருக்கமாக வாழும் தெருக்களுக்கு நடுவே இயங்கிய டி.என்.டி. சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. 73 பேர் இறந்தார்கள். 1918 ஜூலை 1 அன்று சில்வெல் ஆலையில் 134 பேர் இறந்தார்கள். அவர்களில் 32 பேரைத்தான் உறுதியாக அடையாளம் காண முடிந்தது. போர்க்களத்தில் விழுந்த ஆண்களுக்கு ஊர் ஊராகக் கல் நட்டார்கள். ஆலையில் விழுந்தவர்களின் சாவு வெகு காலம் விபத்தாகவே எண்ணப்பட்டது.

பெண் உடல் ஒரு போர்த் தளவாடம் என்பதை அரசு விரைவாகக் கற்றுக்கொண்டது. தொழிலாளர் உடல்நலத்தை ஆராய 1915இல் ஒரு குழு அமைத்தார்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை வாங்கினால் எத்தனை குண்டு கிடைக்கும் என்று அளந்தார்கள். நேரத்தைக் குறைத்தால் உற்பத்தி குறையவில்லை என்று கண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலையைக் கைவிடப் பரிந்துரைத்தார்கள். ஆலை உணவகங்கள் வந்தன. நஞ்சை முறிக்கும் என்று பால் கொடுத்தார்கள்; பார்ன்போ ஆலை இதற்காகவே பசு வளர்த்தது. குழந்தைக் காப்பகங்களுக்கு அரசு மானியம் கொடுத்தது. அவை நாடெங்கும் நூற்றுக்கும் மேல் திறந்தன. காலம் காலமாக இயலாது என்று சொல்லப்பட்ட காப்பகம், குண்டு வேண்டும் என்றதும் ஓரிரு ஆண்டில் இயன்றுவிட்டது. இவை நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் இவற்றின் அளவுகோல் குண்டின் எண்ணிக்கை. குண்டு தேவைப்படாத நாளில் இவை என்ன ஆகும் என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருந்தது.

கூலிக்கு வருவோம். 1915 அக்டோபரில் அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஆண் செய்துவந்த வேலையைச் செய்யும் 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு வாரம் 1 பவுண்டு என்றது அது. முதலில் பரிந்துரை மட்டும்தான், பிறகுதான் கட்டாயமாயிற்று. மேரி மக்கார்தரும் அவருடைய பெண் தொழிலாளர் சம்மேளனமும் ஓயாமல் போராடி இதைச் சாத்தியமாக்கினார்கள். துண்டுக் கூலியில் மட்டும் ஆணுக்குச் சமமான வீதம் ஏற்கப்பட்டது. வேலையைத் துண்டு துண்டாக உடைத்து, இது ஆண் செய்த வேலையே இல்லை என்று முதலாளிகள் தப்பிக்க வழி இருந்தது. போருக்குப் பின் இதை விசாரித்த குழுவில் பியாட்ரிஸ் வெப் மற்றவர்களோடு உடன்படாமல் தனி அறிக்கை எழுதினார். அரசு தன் வாக்கைக் காப்பாற்றவில்லை என்று அதில் பதிவு செய்தார்.

இவ்வளவையும் சொன்னால், அந்தப் பெண்கள் வெறும் பலியாடுகள் என்று தோன்றக்கூடும். அப்படி எழுதினாலும் தவறுதான். எஜமானி வீட்டில் விடியலிலிருந்து இரவு வரை, வாரத்தில் அரை நாள் ஓய்வோடு, கூப்பிட்ட குரலுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு ஆலைச் சங்கு ஊதியதும் நேரம் தன்னுடையது என்பது பெரிய விஷயம். கையில் சொந்தக் காசு, தோழிகளோடு விடுதி அறை, சங்கத்தில் உறுப்பினர் அட்டை. ஆலைகளில் பெண்கள் கால்பந்து அணிகள் தோன்றின. பிரெஸ்டன் நகரின் டிக் கெர் ஆலை அணி அவற்றில் புகழ் பெற்றது. தங்கள் வாழ்க்கையில் அதுவே நல்ல காலம் என்று முதுமையில் சொன்ன பெண்கள் உண்டு. அவர்கள் சொன்னதை நான் நம்புகிறேன். நஞ்சு தரும் ஆலை விடுதலையாகத் தோன்றியது என்றால், அதற்கு முன்பு அவர்கள் இருந்த இடம் எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் நாம் படிக்க வேண்டும்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. அவர்கள் செய்தது குண்டு. 1916 ஜூன் இறுதியில் சோம் நதிக்கரையில் ஒரு வாரத்தில் 15 லட்சம் குண்டுகளுக்கு மேல் பொழிந்தார்கள். அவசர உற்பத்தியில் பல வெடிக்கவே இல்லை. ஜூலை 1 அன்று முன்னேறிய பிரிட்டிஷ் வீரர்களில் 19,240 பேர் ஒரே நாளில் இறந்தார்கள். 1918 செப்டம்பர் இறுதியில் நிலைமை தலைகீழ். ஹிண்டன்பர்க் கோட்டை உடைத்தபோது 24 மணி நேரத்தில் ஒன்பது லட்சத்துக்கும் மேல் சுட முடிந்தது. மூன்று ஆண்டில் ஒரு காலனிப் படை பெரும்போர்ப் படையானது. அந்தக் குண்டுகள் போய் விழுந்த பக்கத்தில், எஸ்ஸன் நகரின் க்ரூப் ஆலையிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் நின்று குண்டு செய்துகொண்டிருந்தார்கள். இங்கே ஒருத்தி அடைத்த குண்டு அங்கே ஒருத்தியின் மகனைத் தேடிப் போனது. அங்கிருந்தும் அப்படியே வந்தது. பெண் உழைப்பு மறைக்கப்பட்டது என்று சொல்லும்போது, அந்த உழைப்பு எதை உண்டாக்கியது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. சமவாய்ப்பு கேட்கும் பெண்ணியத்துக்கும் போரை மறுக்கும் பெண்ணியத்துக்கும் இடையே அன்று விழுந்த பிளவு இன்றும் மூடவில்லை.

1918 நவம்பர் 11 அன்று போர் நின்றது. எட்டாம் நாள் ஆயிரக்கணக்கான தளவாடப் பெண்கள் வேலை கேட்டு நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். மூன்று ஆண்டுக்கு முன் ஊர்வலத்துக்குப் பணம் கொடுத்த அரசு, இப்போது சில வாரங்களுக்கான உதவித்தொகை கொடுத்தது. வீட்டு வேலைக்குப் போக மறுத்தவர்களுக்கு அதுவும் நிறுத்தப்பட்டது. 1919இல் போருக்கு முந்தைய நடைமுறைகளை மீட்கும் சட்டம் வந்தது; 1915இல் எழுதிய வாக்குறுதி துல்லியமாக நிறைவேறியது. 1921 டிசம்பர் 5 அன்று, பார்ன்போ வெடித்து சரியாக ஐந்தாண்டு கழித்து, கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை விதித்தது. அதற்கு ஓராண்டு முன்புதான் டிக் கெர் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடியிருந்தார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தத் தடை நீடித்தது.

வாக்குரிமை? 1918 பிப்ரவரிச் சட்டம் 30 வயதைத் தாண்டிய, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கே வாக்கு தந்தது. குண்டு அடைத்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள், விடுதியில் தங்கியவர்கள். நன்றி என்று நான் விடைத்தாளில் எழுதிய பரிசு அவர்கள் கைக்கு வரவில்லை. 21 வயதான எல்லாப் பெண்களுக்கும் வாக்கு கிடைக்க 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று மீண்டும் பல நாடுகள் பெரும்போருக்குப் படையைத் தயார் செய்வது பற்றிப் பேசுகின்றன. எத்தனை டாங்கி, எத்தனை குண்டு, எத்தனை வீரர் என்று கணக்குப் போடுகின்றன. அந்தப் பட்டியல்களைப் படிக்கும்போது நான் இப்போது வேறு சில கேள்விகளையும் கேட்டுக்கொள்கிறேன். இதை யார் பிசைவார்கள், யார் அடைப்பார்கள்? அவர்களுக்கு என்ன கூலி? அவர்கள் நோயுற்றால் எந்தப் பதிவேட்டில் ஏறும்? வேலை முடிந்ததும் எங்கே அனுப்புவார்கள்? இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லக் கிளம்பும் பெண்களுக்குக் கப்பல் விடுவார்களா? என் மாணவிகள் தேர்வில் அந்த மூன்று வரியை எழுதினால் இப்போது நான் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. ஓரத்தில் ‘42ஆம் எண் அறை’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுக்கிறேன். அது என்ன என்று கேட்டு வருபவர்களிடம் மீதியைச் சொல்கிறேன்.